ஐயா வீட்டு ரங்கூன் பெட்டியில் ஒரு கரூசோ பிளேட்டு: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

இரண்டாங்கட்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பூர்வீக வீடு செட்டிநாட்டுப் பள்ளத்தூரில். பதினோரு புள்ளிக்கு (குடும்பத்துக்கு) பங்கு உள்ள வீடு என்பதால் முன்னோர் படைப்பு, கல்யாணம் என்றால்தான் கதவு திறக்கும், மற்ற நாளெல்லாம் பூட்டும் வௌவாலும்தான். போன மாதம் ஓடு மாற்ற ஆள் விட்டோம். அதற்காக எங்கள் பங்கு அறையைக் காலி செய்தபோது பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. ஐயாவின் (தாத்தாவின்) அப்பா ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போன காலத்துப் பெட்டி என்று அப்பச்சி (என் அப்பா) சொன்னார்கள். உள்ளே கரையான் தின்ற பேரேடு நாலு, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிக்கொத்து ஒன்று, அப்புறம் பழைய வேட்டியில் சுற்றிய கிராமபோன் பிளேட்டு ஐந்து.

அதில் நாலு தமிழ் நாடகப் பாட்டு. ஒன்று மட்டும் பெரிசு, கிட்டத்தட்ட ஒரு அடி அகலம். ஒரு பக்கம்தான் வரி ஓடுகிறது, மறுபக்கம் மொழுக்கென்று இருக்கிறது. நாய் புனலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் படம், அதற்குக் கீழே ‘என்ரிகோ கரூசோ’, பாட்டின் பெயர் ‘உனா ஃபுர்டிவா லாக்ரிமா’, பக்கத்திலேயே ஆர்கெஸ்ட்ராவுடன் என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது.

யார் இவர்? இத்தாலிக்காரர் என்பது வரை தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தேவாரம் தவிர வேறு பாட்டுக் கேட்டார் என்று யாருமே சொல்லாத மனிதர் பெட்டியில் இது எப்படி வந்தது? ஒரே அழுக்காக இருக்கிறது, ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா? பங்காளி ஒருவர் இது லட்சக்கணக்கில் போகும் என்று கிளப்பிவிட்டுவிட்டார், அதனால் இப்போது பதினோரு புள்ளியும் போன் போடுகிறார்கள். சீக்கிரம் யாராவது உண்மையைச் சொல்லுங்கள்.


ஸ்பெஷல் நாடகம் எழுதியது:

தம்பி, முதலில் அந்தப் பிளேட்டைத் தரையில் வைக்காதீர்கள், அதிலும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கை தவறினால் அப்பளம்தான்.

கரூசோ யார் என்றால், உலகத்திலேயே பிளேட்டால் பெயர் வாங்கிய முதல் பெரிய பாட்டுக்காரர் என்று சொல்லலாம். 1873 பிப்ரவரி 25 இல் நேப்பிள்ஸில் பிறந்தவர், வீட்டில் 21 பிள்ளைகளில் 18 ஆவது. அப்பா மெக்கானிக். பையனுக்குப் பதினோரு வயது இருக்கும்போதே பட்டறையில் விட்டுவிட்டார், தெருவில் தண்ணீர் பிடிக்கும் ஊற்றுகள் செய்கிற வேலை. அப்பாவுக்குப் பாட்டெல்லாம் சோறு போடாது என்ற எண்ணம், அம்மாதான் விட்டுக்கொடுக்காமல் கோவிலில் பாட அனுப்பியவர். அந்த அம்மாவும் 1888 இல் போய்விட்டார்.

அப்புறம் வெர்ஜினே என்று ஒரு வாத்தியார் கிடைத்தார். இவரிடம் கொடுக்கப் பணம் இல்லை. அதனால் ஒரு ஒப்பந்தம்: பாடிச் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு ஐந்து வருஷத்துக்கு வருமானத்தில் நூற்றுக்கு இருபத்தைந்து வாத்தியாருக்கு. கேட்க நியாயமாக இருக்கிறது அல்லவா, ஆனால் உள்ளே சூட்சுமம், ஐந்து வருஷம் என்பது காலண்டர் வருஷம் இல்லையாம், மேடையில் பாடிய நாட்களை மட்டும் கூட்டி ஐந்து வருஷம் வர வேண்டுமாம்! மாதத்துக்கு நாலு நாள் பாடுகிறவன் அந்தக் கணக்கைத் தீர்க்க ஆயுசு போதுமா? நம் ஊர்க் கணக்குப்பிள்ளையே இப்படி ஒரு புரோநோட்டு எழுத யோசிப்பார். கடைசியில் கோர்ட்டுக்குப் போய்த்தான் தீர்ந்தது.

1894 இல் பட்டாளத்தில் சேர வேண்டி வந்தது. நாற்பத்தைந்து நாள் இருந்தார். குரலைக் கேட்ட மேஜர் இவன் துப்பாக்கி தூக்குகிற ஆள் இல்லை என்று இரக்கப்பட்டார், இவருக்குப் பதிலாகத் தம்பி போய்ச் சேர்ந்தார். 1895 மார்ச் 15 இல் நேப்பிள்ஸின் தியேட்ரோ நுவோவோவில் முதல் மேடை. 1897 இல் ஓபராவுக்கு, அதாவது முழுக்கப் பாட்டாலேயே நடக்கிற நாடகத்துக்கு, இசையமைக்கிற புச்சினிக்கு எதிரே பாடிக் காட்டியபோது, உன்னை என்னிடம் அனுப்பியது யார், கடவுளா என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள். 1898 இல் மிலானில் ‘ஃபெடோரா’ ஓபராவின் முதல் அரங்கேற்றத்தில் கதாநாயகன், 1900 டிசம்பரில் மிலானின் பெரிய ஓபரா கொட்டகை லா ஸ்காலா, 1903 நவம்பர் 23 இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன். அந்த மெட்ரோபாலிட்டன் கம்பெனிக்கு மட்டும் எண்ணூறு தடவைக்கு மேல் பாடியிருக்கிறார். நம் நாடகப் பாட்டுக்காரர் கிட்டப்பா மேடைக்கு வந்தால் எப்படி டிக்கெட் கிடைக்காதோ அப்படி.

ஒரு கூத்தும் உண்டு. 1906 ஏப்ரல் 17 ராத்திரி சான் பிரான்சிஸ்கோவில் ‘கார்மென்’ பாடிவிட்டுப் படுத்தார், விடிகாலையில் ஊரையே தரைமட்டமாக்கிய பூகம்பம். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்ட போட்டோவைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தார் என்பார்கள். இனி இந்த ஊர்ப் பக்கமே வரமாட்டேன் என்று போனவர் கடைசிவரை வரவில்லை. கோபக்காரர் இல்லை, ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

குடும்ப வாழ்க்கை அத்தனை சுகமில்லை. ஆதா ஜியாக்கெட்டி என்ற பாடகியோடு பல வருஷம் இருந்தார், இரண்டு பையன்கள், அந்த அம்மா 1908 இல் கார் டிரைவரோடு போய்விட்டார். 1918 இல் டோரதி என்ற அமெரிக்கப் பெண்ணைக் கட்டினார். மூன்றே வருஷம். 1921 இல் முடிந்துவிட்டது, வயது 48.


தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

பின்னால் வந்த இத்தாலிப் பாடகர் பவரோட்டிதான் பெரிய ஆள். இவரை இப்போது யார் கேட்கிறார்கள்? குரலே டின்னுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது.


சுருதிப்பெட்டி எழுதியது:

ரஸ்தா அண்ணே, டின்னுக்குள்ளிருந்து வருவது உண்மைதான், ஆனால் அது அவர் தப்பா? அதைக் கீழே பிளேட்டு ஆட்கள் யாராவது சொல்வார்கள்.

ஸ்பெஷல் நாடகம் அண்ணனுக்கு ஒரு திருத்தம். 21 இல் 18 என்பது கட்டுக்கதை, அவர் இருக்கும்போதே பரவி ரொம்ப நாள் அச்சிலும் வந்தது. பிறந்தது ஏழு பேர், அதில் மூன்று பேர்தான் குழந்தைப் பருவம் தாண்டினார்கள். ஏழைப் பையன் கதை என்றால் ஜனங்களுக்கு இன்னும் ஒரு கைப்பிடி உப்புப் போட்டால்தான் ருசி.

நான் பாட்டு வாத்தியார், கர்நாடக சங்கீதம்தான், மேல்நாட்டுப் பாட்டுக் கேட்டுப் பழகியது முப்பது வயதுக்கு மேல். அதனால் நமக்குப் புரிகிற கணக்கில் சொல்கிறேன். டெனர் என்பது ஆண் குரலில் மேலே போகிற வகை, அவர்கள் கொண்டாடுகிற ‘ஹை சி’ எங்கே இருக்கிறது என்றால், ஐந்து கட்டையில் சுருதி வைத்துக்கொண்டு தாரஸ்தாயி சுத்த மத்யமத்தைத் தொட்டால் அந்த இடம்தான். நம் பழைய நாடக மேடை ராஜபார்ட்டுகளுக்கு அது தெரிந்த தெருதான். மைக் இல்லாத காலம், கொட்டகையின் கடைசித் தரை டிக்கெட்டுக்கும் கேட்க வேண்டும், அதனால் கட்டை ஏறிக்கொண்டே போனது. இத்தாலியிலும் மைக் கிடையாது, ஆனால் எதிரே ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா உட்கார்ந்து வாசிக்கும், அதைத் தாண்டிக் குரல் போக வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால் கரூசோவுக்கு அந்த ஹை சி அத்தனை சுலபம் இல்லை. ‘லா போயேம்’ ஓபராவில் வருகிற பெரிய பாட்டை அரைக் கட்டை இறக்கித்தான் அனேகமாகப் பாடுவார், 1906 இல் பிளேட்டு கொடுத்ததும் இறக்கித்தான். அவர் சொத்து அடிக்குரலும் நடுக்குரலும். கிட்டத்தட்ட டெனருக்குக் கீழே உள்ள பாரிடோன் குரல் மாதிரி கனம், செம்புப் பானையைத் தட்டினால் வருகிற கார்வை. ஒரு தடவை ஃபிலடெல்பியாவில் அதே லா போயேம் நடக்கும்போது கூடப் பாடுகிற கீழ்க்குரல்காரருக்குத் தொண்டை அடைத்துவிட்டது, அவர் தன் பழைய கோட்டுக்கு விடை சொல்லிப் பாட வேண்டிய பாட்டைக் கரூசோ தானே பாடி முடித்தார், கொட்டகைக்குத் தெரியவே இல்லை என்பார்கள். பிற்பாடு விளையாட்டாக அதையும் பதிவு செய்தார்.

இப்போது உங்கள் பிளேட்டுக்கு வருகிறேன் தம்பி. ‘உனா ஃபுர்டிவா லாக்ரிமா’ என்றால் ஒளித்துச் சிந்திய ஒரு கண்ணீர்த் துளி. டோனிசெட்டியின் ‘லெலிஸிர் தாமோரே’ ஓபராவில் வருவது. கதை நம் ஊர்க் கதைதான். நெமோரினோ என்று ஒரு அப்பாவி விவசாயிப் பையன், ஊரில் வசதியான பெண் மேல் ஆசை, ஊர் ஊராய் மருந்து விற்கிற வைத்தியனிடம் வசிய மருந்து கேட்கிறான், அவன் மலிவான ஒயினைச் சீசாவில் ஊற்றிக் கொடுத்துவிட்டு ஓடப் பார்க்கிறான். பையன் குடித்துவிட்டு ஆடுகிறான். அந்தப் பெண் கண்ணில் ஒரு துளி நீரைப் பார்த்ததும், ஆகா மருந்து வேலை செய்துவிட்டது, அவள் என்னை விரும்புகிறாள் என்று உருகிப் பாடுவதுதான் இது. முதலில் பசூன் என்று ஒரு நீளக் குழல் தனியாக ஊதும். நாகஸ்வரம் மாதிரி சீவாளி வைத்ததுதான், ஆனால் கீழ் ஸ்தாயி, ஏதோ பழைய துக்கம் சொல்ல வந்த மாதிரி இருக்கும்.

கரூசோ வாழ்க்கையில் இந்த ஓபரா மூன்று தடவை வந்து நிற்கிறது, எனக்கு அதை நினைத்தால் எப்போதும் ஒரு மாதிரி இருக்கும். 1901 தொடக்கத்தில் லா ஸ்காலாவில் டோஸ்கனினி ஆர்கெஸ்ட்ராவை நடத்த இதைப் பாடினார், மிலான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. அதே வருஷம் டிசம்பர் கடைசியில் சொந்த ஊர் நேப்பிள்ஸின் சான் கார்லோவில் இதே வேஷம். அங்கே ஒரு கூட்டம் உண்டு, தங்களை முன்கூட்டியே வந்து கண்டுகொள்ளாத பாடகனுக்குக் கை தட்டாது. இவர் போய்ப் பார்க்கவில்லை. வரவேற்பு சப்பென்று போய்விட்டது, பத்திரிகையிலும் குறை. இனி நேப்பிள்ஸுக்குப் பாட வரமாட்டேன், ஸ்பகெட்டி சாப்பிட மட்டும் வருவேன் என்றார். அந்த வாக்கையும் காப்பாற்றினார், அதற்கப்புறம் பாடிய பத்தொன்பது வருஷத்தில் அந்த மேடை ஏறவே இல்லை.

மூன்றாவது 1920 டிசம்பர் 11, புரூக்ளின். அதே நெமோரினோ வேஷம். பாடிக்கொண்டிருக்கும்போதே வாயில் ரத்தம். கோரஸ்காரர்கள் பக்கத் திரையிலிருந்து துணி வாங்கிக் கொடுக்கக் கொடுக்க, துடைத்துவிட்டுத் துடைத்துவிட்டுப் பாடுகிறார், முன்வரிசையில் மனைவி. முதல் அங்கம் முடிந்ததும் ஜனங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உங்கள் பிளேட்டில் இருக்கிற பாட்டு இரண்டாவது அங்கத்தில் வருவது, அன்றைக்கு அது வரவே இல்லை. அப்புறமும் சில நாள் மேடை ஏறினார், கடைசியாக டிசம்பர் 24. மறுநாளிலிருந்து படுக்கை. நுரையீரலைச் சுற்றிச் சீழ் கோத்தது, ஆன்டிபயாட்டிக் இல்லாத காலம், மாற்றி மாற்றிக் கிழித்து எடுத்தார்கள். கொஞ்சம் தேறி இத்தாலிக்குப் போனவர் 1921 ஆகஸ்ட் 2 இல் இறந்தது எந்த ஊரில் என்று நினைக்கிறீர்கள்? நேப்பிள்ஸ்.


ஊசிமுனை எழுதியது:

ஸ்பிரிட் கூடாது!! சானிடைசர் கூடாது, டெட்டால் கூடாது, நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கத்திலேயே வரக்கூடாது. நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். முதல் முதலில் வாங்கிய பிளேட்டைப் பளிச்சென்று ஆக்க ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் தேய்த்தேன், பஞ்சு கறுப்பாக வர வர அழுக்குப் போகிறது என்று சந்தோஷம் வேறு. போனது அழுக்கு இல்லை, பாட்டு. ஏனென்றால் இந்தப் பழைய பிளேட்டு பிளாஸ்டிக் கிடையாது, அரக்கு. தோட்டுக்குள் ஆசாரி அடைக்கிறாரே அதே அரக்குதான், கூடக் கல் மாவும் கரியும் கலந்திருக்கும். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், அதைத்தான் தச்சர்கள் பாலிஷாக நிலைக்கதவில் பூசுகிறார்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் பாத்திர சோப்பு ஒரு சொட்டு, மெல்லிய துணி, வரி ஓடுகிற திசையிலேயே துடையுங்கள், நடுவில் ஒட்டிய காகிதம் நனையக்கூடாது, நிழலில் காயட்டும்.

எந்த வருஷத்துப் பிளேட்டு என்பதும் ஓரளவு சொல்லலாம். கரூசோ இந்தப் பாட்டை 1902 இல் கொடுத்தார், 1904 இல் கொடுத்தார், இரண்டுக்கும் பியானோ மட்டும்தான். ஆர்கெஸ்ட்ராவோடு பெரிய பிளேட்டில் வந்தது 1911 பதிவு, உங்களுடையது அதுதான். பெரிய பெயர்களின் பிளேட்டை 1920களின் தொடக்கம் வரை ஒரு பக்கம்தான் அடித்து விற்றார்கள், காசும் கூட.

ரஸ்தா அண்ணன் சொன்ன டின் விஷயம். 1925 வரை பதிவுக்கு மைக்கே கிடையாது. சுவரில் ஒரு புனல், பாடகர் அதற்குள் முகத்தை விட்டுப் பாட வேண்டும், அந்த அதிர்விலேயே மறுமுனையில் ஊசி மெழுகில் கீறும். உச்சத்துக்குப் போகும்போது பின்னால் தள்ளி நிற்க வேண்டும், மெல்லப் பாடும்போது முன்னால். வயலின் சத்தம் புனலுக்குள் ஏறாது என்பதால் வயலினுக்கே ஒரு குட்டிப் புனல் மாட்டி வாசித்தார்கள். அந்த இயந்திரம் பெண் குரலைக் கீச்சாக்கிவிடும், பியானோவை டப்பா ஆக்கிவிடும், ஆனால் கரூசோ மாதிரி கனமான டெனர் குரல் மட்டும் அதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. 1921 இல் போய்விட்டதால் மின்சாரப் பதிவில் அவர் குரல் ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் நடுவில் நூறு வருஷத்துக்கு அப்புறம் நம்மிடம் வந்து சேர்கிறதே!

இன்னொரு விஷயம் உங்களுக்குப் பிடிக்கும். 1902 ஏப்ரலில் மிலானில் ஒரு ஹோட்டல் அறையில் ஒரே மத்தியானத்தில் கரூசோவின் பத்துப் பாட்டை எடுத்தவர் ஃபிரெட் கெய்ஸ்பர்க், கிராமபோன் கம்பெனி ஆள். பாடகர் கேட்டது நூறு பவுன். லண்டனிலிருந்து, ரொம்ப அதிகம், எடுக்காதே என்று தந்தி வந்ததாகவும் அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எடுத்ததாகவும் கெய்ஸ்பர்க் பின்னாளில் சொன்னார். அதே கெய்ஸ்பர்க் அதே வருஷம் நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகியைப் பதிவு செய்தார். 1908 இல் கல்கத்தா சியால்தாவில் கம்பெனிக்குத் தொழிற்சாலையே வந்துவிட்டது. அரக்கும் எங்கிருந்து போனது? வங்காளம், பீகார்க் காட்டில் புரச மரத்திலும் இலந்தை மரத்திலும் பூச்சி கட்டுவதுதான் உலகம் முழுக்கப் பிளேட்டுக்குப் போனது. ஆக நேப்பிள்ஸ்காரர் குரல் ரங்கூனுக்கு வந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது, கல்கத்தாவிலிருந்து கப்பல் ஏறினால் ரங்கூன்.

விலை: பங்காளிகளிடம் சொல்லிவிடுங்கள், லட்சம் எல்லாம் இல்லை. இவர் பிளேட்டு உலகம் முழுக்கக் கொள்ளையாக விற்றது, அதனாலேயே இன்றைக்கும் நிறையக் கிடைக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளில் நானே பார்த்திருக்கிறேன். விரிசல் இல்லாமல் இருந்தால் சில நூறு, ஆசைப்படுகிற ஆள் கிடைத்தால் கொஞ்சம் மேலே. உங்களிடம் இருக்கிற நாலு தமிழ்ப் பிளேட்டுதான் அதைவிட அபூர்வமாக இருக்கலாம், அதன் படத்தைப் போடுங்கள்.

போட்டுக் கேட்க: புதிதாகப் பித்தளைப் புனல் மாட்டி ‘ஆன்ட்டிக்’ என்று விற்கிற பெட்டியில் போடாதீர்கள், கலப்பையால் உழுத மாதிரி ஆகிவிடும். நல்ல பழைய சாவி மெஷின் என்றால் ஒரு பாட்டுக்கு ஒரு ஊசி, தேய்ந்த ஊசியை மறுபடி வைக்கக் கூடாது. எலக்ட்ரிக் பிளேயர் என்றால் நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடுகிற இந்தப் பழைய பிளேட்டுக்கு உள்ள தடித்த ஊசி தனியாக வேண்டும். வேகத்தையும் காதால் பாருங்கள், அந்தக் காலத்தில் எல்லாம் சரியாக 78 இல் எடுக்கவில்லை, வேகம் கூடினால் கரூசோ அரைக் கட்டை ஏறிப் பையன் குரலாகிவிடுவார்.


ஆயா வீட்டுத் திண்ணை எழுதியது:

தம்பி, எப்படி வந்தது என்று கேட்டீர்களே. எங்கள் ஐயா சொல்லிக் கேட்டது, ரங்கூன் மொகல் தெருவில் நம்மாட்கள் தொழில் செய்து தங்கிய கிட்டங்கியில் பத்திருபது பேர் ஒரே கூரைக்குக் கீழே, ஆளுக்கு ஒரு பெட்டி, ராத்திரி கணக்கு முடித்த பிறகு பொழுது போக வேண்டாமா? வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது வீட்டுச் சாமானை ஏலம் விடுவார்கள், நம்மாட்கள் மெஷினை எடுத்தால் பிளேட்டு சேர்ந்தே வரும், யார் பாட்டு என்று பார்த்தா எடுத்தார்கள். பெல்ஜியம் கண்ணாடியும் இத்தாலி மார்பிளும் வந்த வீட்டுக்கு ஒரு இத்தாலிக்காரர் வரக்கூடாதா! ஆனால் ஒன்று, 1942 இல் ஜப்பான்காரனுக்குப் பயந்து நடந்தே வந்தவர்கள் கட்டின துணியோடு வந்தார்கள், பிளேட்டு சுமந்திருக்க மாட்டார்கள். உங்கள் பாட்டையா அதற்கு முந்தியே கப்பலில் கொண்டுவந்திருக்க வேண்டும். பெட்டியில் இருக்கிற பேரேட்டில் கடைசி வருஷம் என்ன என்று பாருங்கள்.


இரண்டாங்கட்டு எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஆயா வீட்டுத் திண்ணை ஆச்சி சொன்ன மாதிரி பேரேட்டைப் பிரித்தேன், கடைசிப் பற்று பிரபவ வருஷம் என்று இருக்கிறது, அப்படியென்றால் 1927. சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

சோப்புத் தண்ணீரில் துடைத்தேன். கோட்டையூரில் தெரிந்தவர் ஒருவரிடம் ஓடுகிற சாவி மெஷின் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை காரில் மடியில் வைத்துக் கொண்டுவந்து முகப்பில் வைத்தோம். அப்பச்சி, நான், அந்த அண்ணன், மேலே ஓடு மாற்றுகிற இரண்டு பேர். முதலில் எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம்தான், அப்புறம் அந்தக் குரல் வந்தது. சுருதிப்பெட்டி சார் கதையைச் சொல்லியிருக்காவிட்டால் துக்கப் பாட்டு என்றே நினைத்திருப்பேன். கடைசியில் வாத்தியம் எல்லாம் நின்று அவர் மட்டும் தனியாக ஒரு சுற்றுச் சுற்றி இறங்குகிறார் பாருங்கள், அந்த இடத்தில் மேலே ஓடு தட்டுகிற சத்தமும் நின்றிருந்தது. முடிந்ததும் கொத்தனார் கூரையிலிருந்தே, அண்ணே யார் வீட்டில் எழவு என்று கேட்டார். இல்லையப்பா, அவனுக்குக் கல்யாணம் கூடிவிட்டது, அந்தச் சந்தோஷம் என்றேன். நம்பவில்லை.

அப்பச்சி ஒன்றுமே சொல்லவில்லை, இன்னொரு ஊசி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். மூன்று தடவை ஓடியது.

பங்காளிகளிடம் சில நூறு ரூபாய்தான் என்று சொன்னதிலிருந்து போன் வருவதில்லை. ஊசிமுனை சார், தமிழ்ப் பிளேட்டு நாலின் படத்தையும் நாளைக்குப் போடுகிறேன். ஒன்றில் பாதிப் பெயர் கிழிந்திருக்கிறது, ஆண் குரல், ஆர்மோனியம் கூடவே ஓடுகிறது, நடுவில் யாரோ ‘சபாஷ்’ என்கிறார். கேட்டால் கண்டுபிடித்துச் சொல்ல முடியுமா?